நாள், சாதி, சாயல்: ஆதியாகமப் படைப்புப் பகுதியும் நாஞ்சில் நாட்டு வாசிப்பும்

முன்னுரை

கிறித்தவ மறையின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் தொடக்க அதிகாரங்களை, நடந்தது நடந்தவாறு கூறும் வரலாறாகக் கொள்வதா, வேறொரு வகை நூலாகக் கொள்வதா என்னும் வழக்கு நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பர் 24-ஆம் நாள் வெளிவந்த பின்னர் அவ்வழக்குக் கூர்மை பெற்றது. உலகம் ஆறு நாளில் ஆயிற்று என்பாரும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்பாரும், இவ்விரண்டையும் எவ்வாறேனும் பொருத்திக் காட்ட முயல்வாரும் என இவ்வழக்கில் நிற்பார் மூவகையர்.

இவ்வழக்கு நாஞ்சில் நாட்டிற்குப் புறம்பானதன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறித்தவர். தமிழ்நாட்டின் வேறெம்மாவட்டத்திலும் இவ்விகிதம் இல்லை. பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பயிலும் மாணவன், ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் ஆறு நாட் படைப்பைக் கேட்கின்றான். இரண்டனுள் ஒன்றைப் பொய்யென்று கொள்ளவேண்டும் போலும் என்னும் ஐயம் அவனுக்கு எழுமாயின், அதனைத் தீர்க்கும் பொறுப்பு இறைநூலார்க்கும் உயிர்நூலார்க்கும் மட்டும் உரியதன்று. ஒரு நூலை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பது உரைநூற் பயிற்சி உடைய நமக்கும் உரிய வினாவாகும்.

சமய முடிபு கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. படைப்புப் பகுதியின் தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு, இவ்வழக்கில் எச்சொல்லின்மேல் சுமை ஏற்றப்பட்டது, எச்சொல்லின்மேல் ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதனை ஆராய்வோம். ‘நாள்’ என்னும் சொல்லே வழக்கின் நடுவில் நிற்கின்றது. ஆயின் நாஞ்சில் நாட்டு வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை ‘சாதி’, ‘சாயல்’ என்னும் ஏனைய இரண்டுமே என்பது நம் கருத்து.

1. வழக்கு இந்நாட்டிற்கு வந்த வழி

இந்நிலப்பகுதியில் கிறித்தவம் மூன்று நீரோட்டங்களாக வந்தது. 1544-இல் தூய சவேரியார் கடற்கரை ஊர்களில் திருமுழுக்களித்த காலந்தொட்டு வளர்ந்தது கத்தோலிக்கம். கோட்டாற்று மறைமாவட்டம் 1930-இல் அமைந்தது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயும், அவர்க்குப்பின் வந்த மீடும் இலண்டன் மிஷன் பணியை நிலைநாட்டினர். அப்பணியிலிருந்து வளர்ந்த சபைகள் 1947 செப்டம்பர் 27-இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. மூன்றாவது, 1907-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிசௌரி லுத்தரன் மிஷன். அதன் இறையியற் கல்லூரியாகிய கன்கார்டியா நாகர்கோவிலிலேயே அமைந்தது.

நம் ஆராய்ச்சிக்கு இம்மூன்றாவது மிஷனின் வரலாறு சிறப்பாக வேண்டப்படுவது. 1894-இல் மிசௌரிச் சபையார் இந்தியாவிற்கு அனுப்பிய நெய்தர், மோன் என்னும் இருவரும் முன்னர்த் தமிழகத்தில் லைப்சிக் மிஷனிற் பணி செய்தவர்கள். மறைநூல் சொல்தோறும் இறைவன் அருளியதா, அதில் பிழை இருத்தல் கூடுமா என்னும் கருத்து வேற்றுமையால் அதனை விட்டு நீங்கியவர்கள். எனவே வேதத்தைச் சொல்லுக்குச் சொல் கொள்ளும் வழக்கு, தமிழ் மண்ணில் பணியாற்றியோர் இடையே 1890-களிலேயே ஒரு மிஷனைப் பிரிக்கும் அளவு வலிமை பெற்றிருந்தது. மிசௌரிச் சபை 1932-இல் ஏற்ற சுருக்க அறிக்கையில், ஆறு நாளில் படைப்பு நிகழ்ந்தது என்பதும், உலகம் நெடுங்காலப் போக்கில் தானே உருவாயிற்று என்பது மறுக்கத்தக்கது என்பதும் வெளிப்படையாகக் கூறப்பட்டன.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை வேறு. பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் விடுத்த ‘உமானி ஜெனரிஸ்’ என்னும் சுற்றுமடல், மனித உடல் முன்னிருந்த உயிருடைப் பொருளிலிருந்து தோன்றியதா என ஆராய்தற்குத் தடையில்லை என்றது. ஆயின் ஆன்மா இறைவனால் நேரே படைக்கப்படுவது என்றும், முதல் மாந்தர் பலர் என்னும் கொள்கை மூலபாவக் கோட்பாட்டோடு எவ்வாறு பொருந்தும் என்பது புலப்படவில்லை என்றும் எல்லை கட்டியது. 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமக் கொள்கை வெறுங் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்று அறிவியற் கழகத்தார்க்கு எழுதினார். தென்னிந்தியத் திருச்சபையோ, மீட்பிற்கு வேண்டுவன யாவும் வேதத்தில் அடங்கியுள்ளன எனத் தன் அமைப்பு விதியிற் கூறியதேயன்றி, படைப்பின் நாட்கணக்கைப் பற்றி விதி வகுக்கவில்லை.

ஆகவே உலக வழக்கின் மூன்று நிலைகளும் நாகர்கோவில் என்னும் ஒரே நகரில் அடுத்தடுத்த தெருக்களில் மணியோசை எழுப்பி வருகின்றன எனலாம். ஆயின் இம்மூன்றும் வெளிநாடுகளில் வகுக்கப்பெற்றவை. 1961-இல் விட்கோம், மாரிஸ் இருவரும் எழுதிய ‘ஆதியாகம வெள்ளம்’ என்னும் நூலால் அமெரிக்காவில் புத்துயிர் பெற்ற இளைய உலகக் கொள்கையும் அத்தகையதே. தமிழில் அந்நூற்பகுதியைப் படிப்பார்க்குத் தமிழ்ச்சொற்கள் எப்பொருளைத் தந்தன என்பதை இவற்றுள் ஒன்றும் வினவவில்லை.

2. நாள்

முதலதிகாரத்தின் அமைப்பை முதற்கண் நோக்குவோம். முதல் நாள் ஒளி. இரண்டாம் நாள் மேல்நீரையும் கீழ்நீரையும் பிரிக்கும் விசும்பு. மூன்றாம் நாள் நிலமும் நிலத்துப் பயிரும். நான்காம் நாள் ஒளிதரும் சுடர்கள். ஐந்தாம் நாள் விசும்பிற் பறப்பனவும் நீரில் வாழ்வனவும். ஆறாம் நாள் நிலத்து விலங்கும் மாந்தரும். முதல் மூன்று நாள் இடங்களை வகுப்ப, பின் மூன்று நாள் அவ்விடங்கட்கு உரியவற்றை முறையே நிறைக்கின்றன. ஒன்றற்கு நான்கும், இரண்டற்கு ஐந்தும், மூன்றற்கு ஆறும் நேர்நிற்கின்றன.

மேனாட்டு ஆய்வாளர் இதனைச் சட்டக அமைப்பு என்பர். நமக்கு இது புதியதன்று. பெயர்களை வரிசையாக நிறுத்தி, அவற்றிற்குரிய பயனிலைகளை அதே வரிசையில் பின்னர் நிறுத்தும் முறையை நம் இலக்கண நூலார் நிரல்நிறை என்பர். நிரல்நிறையாக அமைந்த செய்யுளில், முன்னின்றது காலத்தால் முற்பட்டது, பின்னின்றது காலத்தால் பிற்பட்டது என்று எவரும் பொருள் கொள்ளார். வரிசை பொருளின் ஒழுங்கைக் காட்ட வந்தது. கடிகாரத்தின் ஒழுங்கைக் காட்ட வந்ததன்று. படைப்புப் பகுதியும் ஒருவகை நிரல்நிறையே எனக் கொள்வோமாயின், கதிரவன் தோன்றுதற்கு முன் மூன்று நாள் மாலையும் காலையும் எவ்வாறு நிகழ்ந்தன என்னும் பழைய வினா எழாது.

அவ்வினா டார்வினுக்குப் பின் எழுந்ததன்று. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிஜன், கதிரவனில்லாத நாள்களைச் சொல்லளவில் கொள்வார் உளரோ என வினவினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்திற்கு விரிவுரை எழுதிய அகுஸ்தீன், அனைத்தும் ஒருங்கே படைக்கப்பட்டன, ஆறு நாள் என்பது மாந்தர் அறிவிற்கேற்ப வகுத்த முறை என்னும் கருத்தினர். எனவே சொற்பொருளை மட்டுமே கொள்வது பழைய கொள்கை, பிற பொருள் கொள்வது அறிவியலுக்கு அஞ்சிய புதுக்கொள்கை என்னும் கூற்று வரலாற்றொடு பொருந்தாது.

அகச்சான்று ஒன்றும் உண்டு. இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனம் தொட்டு மற்றொரு படைப்புரை தொடங்குகின்றது. முதலுரையில் பயிர், விலங்கு, மாந்தர் என்பது வரிசை. இரண்டாமுரையில் முதலில் ஆண்மகன், பின் தோட்டம், பின் விலங்கும் பறவையும், இறுதியிற் பெண். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தொகுத்தவர் இவ்வேறுபாட்டை அறியாதவர் என்று கொள்ளுதல் அவர்க்கு இழைக்கும் அநீதியாகும். அறிந்தே வைத்தாராயின், வரிசையைக் காலக்கணக்காக அவர் கருதவில்லை என்பது பெறப்படும். மேலும், பாபிலோனியர் தெய்வமென வணங்கிய கதிரவனையும் திங்களையும் பெயர் சுட்டாமல், பெரிய சுடர், சிறிய சுடர் என அந்நூல் குறிப்பதும் கருதத்தக்கது. விளக்குகளை வணங்காதீர் என்பதே அவ்விடத்துப் பொருள். அவற்றின் வயது அவ்விடத்துப் பொருளன்று.

சொற்பொருளை வற்புறுத்துவாரின் வலிய வாதத்தையும் மறைத்தல் ஆகாது. எண்ணொடும் மாலை காலை என்பனவற்றொடும் வருமிடத்து ‘நாள்’ என்பதற்கு எபிரெயத்திலும் தமிழிலும் இயல்பான பொருள் ஒரு பகலும் ஓர் இரவுமே என்பர். யாத்திராகமத்தில் ஓய்வுநாட் கட்டளைக்கு இவ்வாறு நாளே காரணமாகக் காட்டப்படுகின்றது என்பர். இவ்விரண்டும் உண்மையே. ‘நாள்’ என்பதற்கு ஊழி எனப் பொருள் கூறி, ஆறு நாளும் ஆறு நிலவியற் காலங்கள் என்று ஒப்பிடுவாரை நோக்க, இவர் கூற்றே மொழிக்கு இயைந்தது. ஒப்பிடுவார் சொல்லையும் வலிந்து இழுத்து, அறிவியலையும் வலிந்து இழுப்பர். அவர் முறைப்படி பயிரும் பழமரமும் கதிரவனுக்கு முற்பட்டனவாய் நிற்கும்.

நாம் கூறுவது, அச்சொல்லின் பொருள் நாள் என்பதே. நூலின் வகையே வேறு என்பது. வாரத்தின் ஒழுங்கில் உலகத்தின் ஒழுங்கை அமைத்துப் பாடும் நூலில் நாள் நாளாகவே நிற்கும். அதுகொண்டு உலகின் வயதைக் கணக்கிடுதல் நூலின் நோக்கத்திற்குப் புறம்பு. அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650-இல் உலகத் தோற்றத்தைக் கி.மு. 4004 என்று கணித்தது அப்பிழையே.

‘நாளை விட்டால் உயிர்த்தெழுதலையும் விடவேண்டி வருமே’ என்பர் சிலர். இவ்வச்சமும் உரைமரபு அறிந்தார்க்கு எழாது. புறநானூற்றுச் செய்யுளையும் களவியலுரை கூறும் சங்க வரலாற்றையும் நாம் ஒரே நிறைகோலால் நிறுப்பதில்லை. முதற்சங்கம் 4,440 ஆண்டும், இடைச்சங்கம் 3,700 ஆண்டும், கடைச்சங்கம் 1,850 ஆண்டும் நிலவின என்னும் எண்களை வரலாறாகக் கொள்ளாதவர், அதுபற்றிப் புறநானூற்றையும் பொய்யென்று தள்ளுவதில்லை. ஒவ்வொன்றற்கும் அதன் வகைக்கேற்ற சான்று வேண்டுவர்.

புதிய வானநூலைக் கண்டு கலங்காத முன்னோர் தமிழ்க் கிறித்தவருள்ளும் இருந்தனர். தஞ்சை வேதநாயக சாத்திரியார் 1800-இல் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில், கதிரவனைச் சுற்றிக் கோள்கள் இயங்கும் கோப்பர்னிக்கசின் கொள்கையை இறைவன் பெருமைக்குச் சான்றாகவே அமைத்தார். கதிரவன் நின்றதாகக் கூறும் யோசுவா நூற்பகுதி அவரைத் தடுக்கவில்லை. ஷவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற அவர், வானநூல் கற்றதனால் நம்பிக்கை இழந்தார் என்பார் ஒருவரும் இலர்.

3. மணலின் சான்று

நூற்சான்று இவ்வாறாக, நிலத்தின் சான்று யாது? அதனைத் தேடித் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு என்னும் கனிமம் உள்ளதென 1909-இல் ஷாம்பர்க் என்னும் செருமானியர் கண்டார். அதில் தோரியம் உண்டு. தோரியம் மிக மெல்லச் சிதைந்து ஈயமாக மாறுவது. ஓரளவு தோரியத்திற் பாதி மாறுதற்கு ஏறத்தாழ 1,405 கோடி ஆண்டு செல்லும். கனிமத்துள் தோரியமும் ஈயமும் எவ்வளவு உள்ளன என அளந்தால் அது உருவான காலம் புலப்படும்.

குமரிமுனை தொடங்கி வடக்கே பரந்துள்ள சார்னகைட், கொண்டலைட் பாறைகளிலுள்ள மோனசைட்டை இவ்வாறு அளந்தோர், அப்பாறைகள் பெருவெப்பத்தால் உருமாறிய காலம் சற்றேறக்குறைய 55 கோடி ஆண்டுகட்கு முன் என்பர். அப்பாறைகள் தேய்ந்து வந்த மணலே கரையிற் கிடப்பது. அலையில் நிற்பவன் காலடியில் உள்ள ஒவ்வொரு மணியும் ஒரு காலக்கணக்கை உள்ளடக்கியுள்ளது. இக்கணக்கை மறுப்பார், இறைவன் முதிர்ந்த தோற்றத்தோடே மணலைப் படைத்தான் என்பர். அங்ஙனமாயின் படைப்பு பொய்ச்சான்று கூறுவதாக முடியும். மறைநூலின் மெய்ம்மையைக் காக்கப் புகுந்து படைத்தோனின் மெய்ம்மையைப் பறிகொடுத்தல் பொருந்துமா என அவர் எண்ணுதல் வேண்டும்.

4. சாதி

இனி, நம் ஆராய்ச்சியின் நடுப்பொருளுக்கு வருவோம். படைப்புப் பகுதியில் ‘மீன்’ என்னும் எபிரெயச் சொல் பயில வருகின்றது. வகை என்பது அதன் பொருள். போவர் முதலியோர் திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபையார் வீடுதோறும் வழங்குவது. அதில் இச்சொல் ‘ஜாதி’ எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. பூண்டும் மரமும் தத்தம் ஜாதியின்படியே முளைக்கின்றன. விலங்குகள் ஜாதிஜாதியாகப் பிறக்கின்றன. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘இனம்’ என்னும் சொல்லை ஆள்கின்றது.

மொழிபெயர்த்தோர் சொல் தேர்ந்ததில் தவறில்லை. தொல்காப்பிய மரபியலில் ‘நீர்வாழ் சாதி’ என்னும் ஆட்சி உண்டு. சாதியொருமை என்பது உரையாசிரியர் வழக்கு. சாதிமல்லி என்பது தோட்டத்து வழக்கு. ஆயினும் 1871-இல் திருவிதாங்கூரில் இச்சொல்லைக் கேட்டவன் செவியில் முதலில் ஒலித்தது எப்பொருள் என வினவுதல் வேண்டும். எவன் எத்தெருவில் நடக்கலாம், எவள் எவ்வாறு உடுக்கலாம், எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும் என்பவற்றை வரையறுத்த சொல் அது. அச்சொல்லை மறைநூலின் முதற்பக்கத்திலேயே, இறைவன் வாய்மொழியாக, அவன் கேட்டான்.

பரிணாமக் கொள்கையை மறுப்பார் இச்சொல்லைத் தம் அரணாகக் கொள்வர். ஒவ்வொன்றும் தன் சாதியின்படி படைக்கப்பட்டதாகலின் ஒரு சாதி மற்றொன்றாக மாறாது என்பர். எபிரெயச் சொல்லோ உயிர்நூலார் கூறும் சிற்றினம் அன்று. கண்ணாற் காணும் வகையைச் சுட்டும் பொதுச்சொல்லே அது. விதைத்தது முளைக்கும் என்னும் உழவனின் நம்பிக்கையைக் கூறுவதன்றி, முளைத்தது எக்காலத்தும் மாறாது என அது கூறவில்லை.

இதனினும் சிறந்த குறிப்பு ஒன்றுண்டு. எபிரெய மூலத்தில் ‘வகையின்படி’ என்னும் தொடர் இவ்வதிகாரத்திற் பத்து முறை வருகின்றது. புல், பூண்டு, மரம், மீன், பறவை, கால்நடை, ஊர்வன, காட்டு விலங்கு என யாவற்றிற்கும் வருகின்றது. மாந்தரைப் படைக்குமிடத்து மட்டும் அத்தொடர் இல்லை. அத்தொடர் நிற்கவேண்டிய இடத்தில் வேறொரு சொல் நிற்கின்றது, அச்சொல் ‘சாயல்’.

இவ்வேறுபாடு மூலத்திலேயே உள்ளது. ஆயினும் ‘வகை’ எனவோ ‘இனம்’ எனவோ பெயர்த்த மொழியில் அது அமைதியாகக் கடந்துபோகும். ‘சாதி’ எனப் பெயர்த்த தமிழிலோ இடிபோல் ஒலிக்கின்றது: புல்லிற்குச் சாதி உண்டு, மாட்டிற்குச் சாதி உண்டு, மனிதனுக்குச் சாதி கூறப்படவில்லை. மொழிபெயர்த்தோர் கருதியிராத ஒரு பொருளை அவர்கள் தேர்ந்த சொல்லே தந்துவிட்டது. மறைநூல் முழுவதும் கூடி இத்தெளிவைத் தருகின்றது எனக் கூறோம். அதே மொழிபெயர்ப்பில் பிற நாட்டினரும் ‘ஜாதிகள்’ எனப்படுவர். முதலதிகாரத்தைப் பொறுத்தவரை இக்குறிப்பு ஐயமற்றது. இதனைக் காணாமல், அதே சொல்லைக் குரங்கும் மனிதனும் பற்றிய பூசலுக்குப் படைக்கலமாக்கியது, நூலின் மிகக் கூரிய முனையை மழுக்கியதாகும்.

5. சாயல்

‘சாயல்’ என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் மென்மை எனப் பொருள் கூறும். பின்னர் அது தோற்றத்தையும், அதன்பின் ஒருவரை ஒருவர் ஒத்திருத்தலையும் குறிக்கலாயிற்று. ஒரு சொல் தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாகப் பொருள் வேறுபட்டு வந்திருத்தலை நாம் இயல்பாக ஏற்கின்றோம்; எந்நாளில் மென்மை ஒப்புமையாக மாறிற்று என எவரும் வினவுவதில்லை. கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகள் ஒரு மூலத்தினின்று கிளைத்தமையைக் காட்டினார்; அவரும் ஒரு மிஷனரியே. மொழிகள் கிளைத்தலையும் உயிர்கள் கிளைத்தலையும் டார்வினே 1871-இல் ஒப்பிட்டுக் காட்டினார். மொழிக்கு ஏற்றதை உயிர்க்கு ஏற்கத் தயங்குவார் இவ்வொப்புமையைக் கருதுக.

சாயல் என்னும் சொல்லின் நாஞ்சில் நாட்டு வரலாறு தோள்சீலைப் போராட்டத்தில் உள்ளது. நாடார் முதலிய சமூகப் பெண்கள் மார்பை மறைத்தல் கூடாது என்பது திருவிதாங்கூரில் வழங்கிய கட்டுப்பாடு. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதால் 1822 முதல் கலகங்கள் நேர்ந்தன; 1829-இல் அரசு மேலாடையைத் தடுத்து ஆணையிட்டது; 1858, 1859-ஆம் ஆண்டுகளில் கலகம் மீண்டும் மூண்டது. 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என அறிவித்தார். ஆயின் மேற்சாதிப் பெண்கள் உடுப்பதுபோல் உடுத்தல் கூடாது என்னும் வரையறையும் அவ்வறிவிப்பில் இருந்தது. சலுகை அளித்த ஆணையும் சாதிசாதியாகவே பேசிற்று என்க.

அவ்வாண்டு நவம்பரில்தான் இலண்டனில் டார்வினின் நூல் வெளிவந்தது. இவ்விரண்டு நிகழ்ச்சிகட்கும் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓருண்மை புலப்படும். மாந்தர் அனைவரும் ஒரு பெற்றோரின் மக்கள், இறைவன் சாயலினர் என்பது ஆதியாகமத்திலிருந்து கிறித்தவம் கற்பித்த பாடம். மிஷனரிமார் விண்ணப்பங்களில் ஒழுக்கமும் நாகரிகமும் முன்னின்றன. உடுத்த பெண்களுக்கு முன்னின்றது மானம். மானத்திற்கு மறைநூலில் உள்ள பெயர் சாயல். எனவே, ஆதாம் இல்லை என ஒருவன் கூறும்போது, இந்நாட்டு மூதாட்டி ஒருத்தி அஞ்சுவது உலகின் வயது பற்றியன்று. தன் பாட்டியின் தோளில் ஏறிய சீலைக்கு இருந்த சான்று போய்விடுமோ என்பதே அவள் அச்சம். இவ்வச்சத்தை அறியாமை என்று நகைப்பார் வழக்கின் ஆழத்தை அறியாதவர்.

ஆயின் அவ்வச்சத்திற்கு இடமில்லை என்பதை அறிவியலின் வரலாறே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் அமெரிக்காவில் மார்ட்டன், நாட், கிளிடன், அகாசி முதலியோர், மாந்தவினங்கள் வேறு வேறாகத் தோன்றின என வாதித்தனர். அவ்வாதம் அடிமை முறைக்கு அரணாயிற்று. அகாசி பரிணாமக் கொள்கையை இறுதிவரை மறுத்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இவர்க்கு எதிர்நின்றவர் இருதிறத்தார்: ஆதாமை வற்புறுத்திய கிறித்தவர் ஒருசார், 1871-இல் வெளிவந்த ‘மனிதனின் மரபுவழி’யில் மாந்தர் யாவரும் ஓரினமே, ஒரு மூலத்தினரே என நிறுவிய டார்வின் மறுசார். மாந்தர் ஒருமைப்பாட்டைப் பொறுத்தவரை இவ்விருவரும் ஓரணியினர்.

இன்றைய மரபியல் இதனை மேலும் உறுதி செய்கின்றது. மாந்தரினம் ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகளாக ஆப்பிரிக்காவில் உருவாகிப் பிற நிலங்களிற் பரவியது. அப்பரவலின் பழைய அடையாளங்களுள் ஒன்றான எம்-130 என்னும் மரபுக்குறி மதுரை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வாழ்வாரிடம் இருத்தலை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் கண்டறிந்தார். உடலில் சாதியைத் தேடப் புகுந்தவன் இறுதியில் உறவையே காண்கின்றான்.

எனினும் இடர் முற்றும் நீங்கிற்று எனக் கூறோம். மாந்தர் இனத்தின் மரபணு வேறுபாட்டின் அளவு, நம் முன்னோர் ஒரு காலத்தும் ஓர் இணையராக மட்டும் இருந்ததில்லை என்பதைக் காட்டுகின்றது. ஒருவனால் பாவம் வந்தது, ஒருவரால் மீட்பு வந்தது எனப் பவுல் உரோமையர்க்கு எழுதிய வாதம் ஒருவனை வேண்டுகின்றது. இதற்கு இறைநூலார் விடை கூறல் வேண்டும்; சொற்பொருளார் இவ்விடத்தில் உண்மையான இடரையே சுட்டுகின்றனர். மொழிநூல் இதற்குச் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. எபிரெயத்தில் ‘ஆதாம்’ என்பது மாந்தன் எனப் பொருள்படும் பொதுப்பெயர். நிலம் என்னும் பொருளதாகிய ‘அதாமா’ என்பதனொடு ஒலியால் இயைந்தது. தமிழ் மொழிபெயர்ப்பில் முதலில் ‘மனுஷன்’ எனப் பெயர்க்கப்பட்ட அதே சொல், இரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதியில் ‘ஆதாம்’ என இயற்பெயராக மாறுகின்றது. மூலத்தில் மெல்ல நிகழும் பெயர்மாற்றம் தமிழில் ஒரு வசனத்தில் நிகழ்ந்துவிடுகின்றது. மண்ணினின்று வந்த மனிதன் ஒவ்வொருவனையும் குறிக்கும் சொல், ஒரு தனியாளின் வரலாறாக மட்டும் தமிழ்ப் படிப்பாளர்க்குத் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

6. பரிணாமம் என்னும் சொல்லும் தமிழறிஞர் பிழையும்

கிறித்தவரிடம் கண்ட பிழை தமிழறிஞரிடம் இல்லை எனல் ஆகாது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதலாக ஆறறிவுயிர் ஈறாக உயிர்களை வகுத்தமையைக் காட்டி, டார்வினுக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் பரிணாமம் கண்டனர் என்பாருளர். மாணிக்கவாசகர் புல் முதலாகப் பல்பிறப்பை எண்ணிய பகுதிக்கும் அவ்வாறே கூறுவர். மரபியல் கூறுவது பகுப்பு. ஓரறிவுயிர் ஈரறிவுயிராக மாறியது என அந்நூல் கூறவில்லை. திருவாசகம் கூறுவது ஓருயிர் பல உடலெடுத்தல். இனம் இனமாக மாறுதல் அன்று. ஆறு நாளில் ஆறு நிலவியற் காலங்களைக் காண்பார்க்கும் இவர்க்கும் வேறுபாடில்லை. இருவரும் பழநூலைப் புதுநூலின் சான்றிதழ் பெற்றே பெருமைப்படுத்த முயல்கின்றனர்.

‘பரிணாமம்’ என்னும் சொல்லும் இம்மயக்கத்திற்கு இடந்தருகின்றது. சாங்கியரும் சித்தாந்திகளும் ஆண்ட பரிணாமம், காரணத்துள் முன்னரே உள்ளது காரியமாக வெளிப்படுதல். பால் தயிராதல் அதற்கு எடுத்துக்காட்டு. டார்வின் கூறியதோ, பிறக்கும் உயிர்களிடையே இயல்பாய் அமையும் சிறுவேறுபாடுகளுள், சூழலுக்கு இயைந்தன மிகுதியாக வழித்தோன்றல் பெற, காலப்போக்கில் இனம் வேறுபடுதல். இதில் முன்னரே வகுத்த முடிவு இல்லை. ‘பரிணாம வளர்ச்சி’ என்னுமிடத்து வளர்ச்சி என்னும் சொல், கீழிருந்து மேலேறும் ஏணியை நினைவூட்டுகின்றது. மறையுரையாளர் மறுக்கும் பரிணாமமும், மேடைத் தமிழறிஞர் புகழும் பரிணாமமும் பெரும்பாலும் இவ்வேணியே. ஏணி என்னும் கருத்து, யார் மேலே, யார் கீழே என்னும் வினாவை உடன்கொண்டு வரும். சாதியின் வடிவமும் ஏணியே என்பதை மறத்தல் ஆகாது. டார்வின் 1859-ஆம் ஆண்டு நூலில் வரைந்த ஒரே படம் ஏணி அன்று. கிளைகள் பரந்த மரம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆதியாகமத்தின் ‘நாள்’ நாளே எனினும் அந்நூல் நாட்கணக்கு அன்று என்பதும், ‘சாதி’ என்னும் சொல் உயிரினங்கள் மாறாமைக்குச் சான்று ஆகாது என்பதும், அச்சொல் மாந்தரிடத்து வாராமையே பொருள் பொதிந்தது என்பதும், ‘சாயல்’ கூறும் மாந்தர் ஒருமைப்பாட்டை அறிவியல் குலைக்கவில்லை என்பதும் பெறப்பட்டன. ஆதாம் ஒருவனோ பலரோ என்னும் வினா மட்டும் இறைநூலார்பால் எஞ்சி நிற்கின்றது.

நாஞ்சில் நாட்டில் மேலும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தென் திருவிதாங்கூர்ச் சபைகளில் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் எழுந்த மறையுரைகள், கீர்த்தனைகள், ஞாயிறு பள்ளி வினாவிடைகள் ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றில் படைப்புப் பகுதி எவ்வாறு ஆளப்பட்டது என்பதனை ஆராய்தல் வேண்டும். ஆறு நாள் எத்துணை முறை பேசப்பட்டது, சாயல் எத்துணை முறை பேசப்பட்டது என்பது அவ்வாராய்ச்சியால் விளங்கும். உயிர்நூல் பயிலும் மாணவன் எதனையும் துறக்கவேண்டுவதில்லை. தன் முன்னோர் அந்நூலில் எச்சொல்லைப் பற்றி எழுந்து நின்றனர் என்பதை அவன் அறிந்தால் போதும். மணவாளக்குறிச்சி மணலின் வயது அவனை அச்சுறுத்தாது.